ஆறு பத்து

வினிப்பெக்கில் இது என் ஐந்தாவது மாரி.
ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில்
கார் கிளம்பவில்லை என்று யாராவது புலம்பினால்
எங்கட கார் ஒரு நாளும் கரைச்சல் தந்ததில்லை என்பேன்.
ஜப்பான்காரன் செய்தது, என்பேன்.
வைத்திருக்கிற விதத்திலும் இருக்கு, என்பேன்.

தை பிறந்தது.
வழி பிறக்கவில்லை,
மைனஸ் முப்பத்து நான்கு பிறந்தது.
கதவின் ரப்பர் பலாப்பிசினாய்ப் பிடித்துக்கொண்டது.
பிடுங்கித் திறந்து உட்கார்ந்தால்
இருக்கை பலகை.
சாவியைத் திருப்பினேன்.
நித்திரையில் புரண்டு படுப்பவர்போல
ஒரு முனகல்.
இரண்டாம் முறை அரை முனகல்.
மூன்றாம் முறை
நாக்கை மேலண்ணத்தில் தட்டி
ஒரேயொரு 'ச்'.

போன மாரிவரை தர்மினிக்கு இராவேலை,
முதியோர் இல்லத்தில்.
ஆறு பத்துக்குக் கார் வந்து நிற்கும்.
அவள் இறங்குவாள், நான் ஏறுவேன்,
எஞ்சின் நிற்காது.
'தேத்தண்ணி பிளாஸ்க்கில இருக்கு.'
'பெற்றோல் காணாது.'
கார்க் கதவு திறந்திருக்கும் அந்த அரை நிமிடம்தான்
கிழமையில் ஐந்து நாள்
நாங்கள் குடும்பம் நடத்தியது.
அதிலும் பாதி
இருக்கைக்குப் போய்விடும்.
முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க
குனிந்து நெம்பைத் தேடி
பின்னுக்குத் தள்ளியபடியே கத்துவேன்:
'எத்தனை தரம் சொல்றது,
இறங்கேக்க தள்ளிவிட்டிட்டு இறங்கும்!'
அவள் சப்பாத்துப் பனியைப் படியில் தட்டிக்கொண்டு
உள்ளே போய்விட்டிருப்பாள்.

ஐப்பசியில் பிராண்டனில் பகல் வேலை கிடைத்தது அவளுக்கு.
இரண்டு மணி நேர ஓட்டம்.
வாரநாளில் அங்கேயே ஒரு அறை,
அவளுக்கென்று ஒரு பழைய கார்.

போன் எடுத்தேன்.
'வயரைக் குத்தினனீங்களோ?'
'எந்த வயர்?'
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
'முன்னால தொங்குமே, கறுப்பா.'

தொங்கும்.
அறுந்துபோன ஏதோ என்று
இரண்டு தரம் நானே
உள்ளே திணித்து மறைத்திருக்கிறேன்.

இரா முழுக்க அந்தக் கார்
இல்லத்துத் தூணில்
மின்சாரம் உறிஞ்சிக்கொண்டு நின்றிருக்கிறது.
ஐந்தரைக்கு ஒருத்தி போய்ச் சாவி போட்டிருக்கிறாள்.
நான்கு பக்கக் கண்ணாடியும் சுரண்டியிருக்கிறாள்.
எனக்கு வந்து சேர்ந்ததெல்லாம்
சுரண்டி முடித்த காலைகள்.

கீழ்வீட்டு ஒலெக்ஸி பைஜாமாவுக்கு மேல் ஜாக்கெட்டோடு வந்தான்.
சிவப்பு, கறுப்பு, இடுக்கி, பொறி.
எஞ்சின் இருமி, செருமி, பிடித்துக்கொண்டது.
வாயைத் திறந்தால் பல் கூசும் குளிர்;
அவன் மூன்று முறை விரல்களை விரித்துக் காட்டிவிட்டு
உள்ளே ஓடினான்.

பதினைந்து நிமிடம்.
என்ன செய்வது ஒரு மனிதன்
ஓடாத காருக்குள் பதினைந்து நிமிடம்?
டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன்.
முனை உடைந்த சுரண்டி.
ஒற்றைக் கையுறை, என் நான்கு விரலுக்கே போதாதது.
உறைந்து கல்லாகிவிட்ட இஞ்சி டொபி.

கண்ணாடியின் அடியில்
உள்ளங்கையளவு இடம் மட்டும் தெளிந்தது.
என் கண்ணுக்கு எட்டவில்லை.
நெம்பைத் தேடினேன்,
பழக்கத்தில் அல்ல,
இருக்கையை முன்னுக்கு இழுத்தேன்,
அவள் விடுகிற இடம்வரை.
முழங்கால் இடித்தது. குனிந்தேன்.
அந்த ஓட்டைக்குள் தெரு முழுவதும் தெரிந்தது:
மஞ்சள் விளக்கு, பனி வாரும் வண்டி,
எவருடையதோ புகைபோக்கியிலிருந்து
நேர்குத்தாய் எழுந்து
அசையாமல் நின்ற வெண்புகை.

பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் கிளம்பினேன்.
முழங்கால் வலிக்குமே.

முக்கால் மணி பிந்தியது.
கார் கிளம்பவில்லை என்றேன்.
'உன்னுடைய காரா?' என்றான் ரொமெல்,
எல்லோருக்கும் கேட்கும்படி.

சாப்பாட்டு நேரத்தில் நடந்துபோய்
முப்பதடி வயர் ஒன்று வாங்கினேன்.
ஒரேஞ்ச் நிறம்.
திரும்பி வருவதற்குள் குளிரில் விறைத்து
எப்படிச் சுருட்டியும்
சுருளமாட்டேன் என்றது.